அம்மாவின் காகம் அச்சில் வெளுத்து வருகிறது: கொலாகிராஃப் செய்பவர்களின் ஆலோசனை தேவை

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். படிக்கும் காலத்தில் லினோலியம் தகட்டைச் செதுக்கி எடுக்கும் லினோ அச்சு மட்டுமே கற்றேன். அட்டையின் மேல் தாள், துணி, மணல், இலை என்று பலவற்றை ஒட்டி, அந்த மேடுபள்ளங்களில் மையேற்றி நனைத்த தாளில் எடுக்கும் கொலாகிராஃப் முறையைச் சென்ற ஆண்டு மூன்று நாள் பயிற்சி ஒன்றில்தான் முதன்முதலாகச் செய்து பார்த்தேன். அதில் உண்டான ஆசையால் ஒரு பெரிய வேலையைத் தொடங்கிவிட்டு, இப்போது நடுவழியில் நிற்கிறேன்.

என் அம்மா சென்ற ஆவணியில் காலமானார்கள். முதலாண்டு நினைவு நாளன்று உடன்பிறந்தோர், சித்திமார், பெரியப்பா வீட்டார் என 12 பேருக்கு ஆளுக்கோர் அச்சுப்படம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அம்மாவின் முகத்தை வரைய எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காகத்தைத் தேர்ந்தேன். சோறு வடித்து இறக்கியதும் முதல் பிடியைக் கொல்லைச் சுவரில் வைத்துக் குரல் கொடுத்த பிறகே அம்மா எங்களுக்குத் தட்டு எடுத்து வைப்பார்கள். அவர்களுடைய கடைசி ஆறு ஆண்டுகளில் நாள் தவறாமல் வந்த ஒரு காகத்துக்கு இடது காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு இருந்தது. சுவரில் வந்து அமர்ந்தால் அந்தக் காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும். மற்றக் காகங்கள் அதை விரட்டும்போது அம்மா கையை ஓங்கி அவற்றை ஓட்டிவிட்டு, அது தின்று முடிக்கும்வரை வெயிலில் நிற்பார்கள். முன்னோர் காகமாக வருகிறார்கள் என்ற நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இந்தக் காகம் அம்மா அல்ல. அம்மாவின் கையை எங்களைப் போலவே அறிந்திருந்த இன்னோர் உயிர். அதைத்தான் தாளில் கொண்டுவர விரும்புகிறேன்.

செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 30 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவில், 2 மி.மீ. கனமுள்ள மவுண்ட் போர்டை (படங்களுக்குச் சட்டமிடும்போது வைக்கும் தடித்த அட்டை) மையேற்றும் பிளேட்டாக எடுத்துக்கொண்டேன். காகத்தின் உருவத்தை வேறோர் அட்டையில் வெட்டி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். சிறகுகளைத் தாள் கீற்றுகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். வீட்டுக்காகத்தின் கழுத்து சாம்பல் நிறம் அல்லவா, அந்த இடத்தில் மட்டும் சோதனைக்காக ஒரு பழைய பருத்தித் துணியை ஒட்டினேன். மேலே அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு. பிறகு கறுப்பு எட்சிங் மையைத் தேய்த்து, துடைத்து, தெரிந்தவர் ஒருவரின் பிரஸ்ஸில் எடுத்தேன்.

வந்ததைப் பார்த்து மனம் உடைந்துவிட்டது. காகம் முழுவதும் வெளுப்பாகவும், ஓரங்களில் மட்டும் கறுப்புக் கோடுமாக, ஏறக்குறைய ஒரு புறாவைப் போல வந்திருக்கிறது. கழுத்துப் பகுதியில் தாள் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டது. இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அம்மா கடைசியாக உடுத்திய காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. காகத்தின் கழுத்துக்கு அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டலாமா? அடுத்தது, இது வெறும் பறவைப் படம் அல்ல, அம்மாவைப் பற்றியது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிவதற்காக ஓர் அகல்விளக்கையும் வாழையிலையையும் பின்னால் சேர்க்கலாமா? நினைவு நாளுக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன.

கல்லும் மையும் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அச்சுக்கலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: உங்கள் காகம் வெளுத்து வந்தது கைப்பிழையால் அல்ல. லினோவில் பழகிய எல்லோருக்கும் கொலாகிராஃபில் நேர்வது இது. லினோவில் மேடு எதுவோ அது கறுக்கும். வெட்டியெடுத்த பள்ளம் வெளுக்கும். நீங்கள் இப்போது செய்வது மையைத் தேய்த்துத் துடைக்கும் குழிவு அச்சு. இதில் மேடும் வழவழப்பும் துடைக்கும்போது மையை இழந்து வெளுத்துவிடும். சொரசொரப்பும் பள்ளமும்தான் மையைப் பிடித்து வைத்துக் கறுக்கும். நீங்கள் உருவத்தை மேடாக ஒட்டி, அதன்மேல் இரண்டு பூச்சு வார்னிஷும் கொடுத்துக் கண்ணாடி போல ஆக்கிவிட்டீர்கள். அதில் மை எங்கே நிற்கும்? அட்டையின் ஓரத்தில் மட்டும் நின்றது. அதுதான் நீங்கள் பார்த்த கறுப்புக் கோடு.

ஆகவே இந்த முறையில் கறுப்பு வேண்டுமானால் வண்ணத்தை நினைக்காமல் சொரசொரப்பை நினைக்க வேண்டும். மவுண்ட் போர்டின் மேல்தாளைக் கத்தியால் கீறி உரித்தால் உள்ளே நார்நாராக ஒரு பரப்பு வரும். அது நல்ல அடர்சாம்பலாக அச்சாகும். உப்புத்தாளை வெட்டி ஒட்டினால் இன்னும் கறுக்கும். எல்லாவற்றையும்விட ஆழமான கறுப்பைத் தருவது கார்போரண்டம் என்னும், கல்லையும் உலோகத்தையும் தேய்க்கப் பயன்படும் கடினமான தூள். வேண்டிய இடத்தில் வெள்ளைப் பசையைத் தூரிகையால் பூசி, ஈரம் காய்வதற்குள் தூளைச் சலித்துத் தூவி, மறுநாள் கவிழ்த்துத் தட்டினால் ஒட்டாதது உதிர்ந்துவிடும். பசை கெட்டியாக இருந்தால் தூள் அதில் மூழ்கிக் கறுப்பு குறையும். பசையில் தண்ணீர் கலந்து மெலிதாகப் பூசினால் தூள் இடைவெளி விட்டு ஒட்டி, நடுத்தரச் சாம்பல் கிடைக்கும். 180 அல்லது 220 எண் தூள் உங்களுக்குப் போதும். கல் மெருகிடும் தொழிலுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வண்டிப் பட்டறைகளில் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பசையிலும் இதே தூள்தான் இருக்கிறது. ஆனால் அதில் கிரீஸ் கலந்திருப்பதால் அட்டையில் ஒட்டாது, அதை வாங்கிவிடாதீர்கள். தூள் தூவும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

பழைய பிளேட்டை எறிய வேண்டாம். வார்னிஷின் மேல் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கிவிட்டு, உடல், இறக்கை, வால் ஆகிய இடங்களில் மட்டும் மேற்சொன்னபடி பசையும் தூளும் ஏற்றுங்கள். சிறகின் நடுத்தண்டுகளுக்குப் பசையைக் கோடாக இழுத்துத் தூள் தூவாமல் காயவிட்டால், கறுப்புக்கு நடுவே வெளிர் கோடுகளாக அவை எழுந்துவரும். முதலில் உள்ளங்கை அளவு அட்டையில் உரித்த பரப்பு, உப்புத்தாள், தூள், துணி, வெறும் வார்னிஷ் என்று ஐந்து பட்டைகள் செய்து ஓர் அச்சு எடுத்து, அதைச் சுவரில் மாட்டிவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் எந்த அளவுக்குக் கறுக்கும் என்பதை என் சொல்லைவிட அந்தத் துண்டு தெளிவாகக் காட்டும்.

காகத்தின் கறுப்பு வெறும் கறுப்பல்ல, வெயிலில் நீலமும் ஊதாவும் ஓடும் என்பது நாள்தோறும் பார்த்த உங்களுக்குத் தெரியும். குழிவு மையைத் துடைத்து முடித்த பிறகு, மென்மையான ரோலரில் மிக மெல்லிய நீல மையை எடுத்து மேடுகளின்மேல் ஒரே ஒருமுறை உருட்டிப் பாருங்கள். இந்த வழியை மிகவும் நுட்பமாகக் கொண்டுசென்றவர் நம் நாட்டு அச்சுக்கலைஞர் கிருஷ்ணா ரெட்டி. பாரிஸில் ஹேய்ட்டர் என்ற அச்சுக்கலைஞர் நடத்திய அட்டெலியே 17 பட்டறையில் அவரும் கைகோ மோதியும், மையில் எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்து, ஒரே பிளேட்டில் பல வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும்படி செய்தார்கள். பாரிஸுக்குப் போவதற்கு முன் ரெட்டி சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு நீலம் போதும், அதுவும் அளவாக.

சேலையைப் பற்றி: ஒட்டுங்கள் என்பதே என் கருத்து. 1956இல் அமெரிக்காவில் கிளென் ஆல்ப்ஸ் இந்த முறைக்குக் கொலாகிராஃப் என்று பெயரிட்டபோது, பசை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதை உருவாக்கினார். உண்மைப் பொருளை ஒட்டி அதையே அச்சாக்குவதுதான் இதன் உயிர்.

இழைப்புளி எழுதியது:

அக்கா, நான் மரவேலை செய்பவன். எங்கள் ஊர்ப் பள்ளி மாணவர்களுக்கு அச்சு அட்டைகளைப் பாலிஷ் பூசிக் கொடுத்த பழக்கத்தில் எழுதுகிறேன். தாள் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் பசை. காய்ந்துவிட்டாலும் அந்த வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும். நனைத்த தாளைப் பிரஸ்ஸின் அழுத்தத்தில் அதன்மேல் வைத்தால் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். மற்ற இடங்களை வார்னிஷ் காத்துவிட்டது. துணி இரண்டு பூச்சு வார்னிஷையும் உறிஞ்சிக்கொண்டதால் அந்த இடத்தில் மட்டும் பசை வெளியே தெரிந்திருக்கும்.

அரக்குச் செதில் 100 கிராமை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இதை மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததாக, முன்புறம் இரண்டும் பின்புறம் ஒன்றுமாகப் பூசுங்கள். நான்கு ஓரங்களையும் மறக்காதீர்கள். ஓரத்தின் வழியாகத்தான் ஈரம் ஏறி அட்டை உப்பும். துணி ஒட்டிய இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு. கார்போரண்டம் தூவிய இடத்தில் ஒன்றே போதும், அதிகம் பூசினால் சொரசொரப்பு அடைந்துவிடும். மழை ஈரமுள்ள நாளில் பூசினால் பால் போல வெளுத்துப் பூக்கும். வெயில் நாளாகப் பாருங்கள். அச்சு எடுத்த பிறகு பிளேட்டைச் சமையல் எண்ணெயாலோ மண்ணெண்ணெயாலோ துடையுங்கள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து எல்லாம் வீணாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் அடுக்குகளின் உயரம் அதிகம் என்று தோன்றுகிறது. அடி அட்டைக்கு மேல் ஒட்டியவை எல்லாம் சேர்ந்து ஒரு மி.மீ.க்குள் அடங்கினால் நல்லது. ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துவிட்டால் தாளும் கிழியாது, பிரஸ்ஸின் கம்பளியும் வெட்டுப்படாது.

கடவூர்க்காடு எழுதியது:

வணக்கம். பிளேட் செய்வதைப் பற்றி மேலே உள்ள இருவரும் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் சேலையை ஒட்டச் சொன்ன ஐயாவின் கருத்தோடு நான் உடன்படவில்லை. விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.

சேலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒட்டிய துணி அரக்கையும் மையையும் குடித்துக் கறுத்து, இறுகி, சில பத்து அச்சுகளுக்குள் பிரஸ்ஸின் அழுத்தத்தில் நைந்துவிடும். மனதுக்கு நெருக்கமான ஒரு பொருளுக்கு அப்படி நேர்வதை நீங்களே ஒவ்வொரு முறையும் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் பாட்டியின் முந்தானைத் துண்டு ஒன்றை நான் அப்படி இழந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சேலையை வெட்டாமலேயே அதன் நெசவை பிளேட்டில் வாங்கலாம். அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட்டைக் கழுத்துப் பகுதியில் அரை மி.மீ. கனத்துக்குத் தடவுங்கள். அது கிடைக்காவிட்டால் சுவருக்குப் பூசும் பட்டியில் வெள்ளைப் பசையைத் தாராளமாகக் கலந்து பயன்படுத்தலாம். வெறும் பட்டி பிரஸ்ஸில் நொறுங்கும். மேல்பரப்பு லேசாக இறுகும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, ஈரப்படுத்திப் பிழிந்த சேலையின் மூலையை அதன்மேல் விரித்து, ரோலரால் ஒருமுறை அழுத்தி, உடனே மெதுவாக உரித்தெடுங்கள். சேலையை அப்போதே தண்ணீரில் அலசிவிட்டால் ஒரு கறையும் நிற்காது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. துணியை ஒட்டினால் நூல் மேடாக இருக்கும். மேடு துடைபட்டு வெளுக்க, இடைவெளியில் மை தங்கும். அதாவது கறுப்பு நிலத்தில் வெள்ளை நூல்கள் தெரியும். நெசவின் தடத்தை வாங்கினால் நூல் இருந்த இடம் பள்ளமாகிவிடுவதால், ஒவ்வொரு நூலும் கறுப்பாகவும் இடையில் வெளிச்சமாகவும் வரும். காகத்தின் கழுத்துச் சாம்பலுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். கண்டாங்கியின் நூல் தடிமனானது, நெசவு நன்றாகப் பதியும்.

இனி விளக்கும் வாழையிலையும். அவற்றைச் சேர்த்தால் உங்கள் படம் எல்லோருடைய அம்மாவைப் பற்றியதாகவும் ஆகிவிடும், உங்கள் அம்மாவைப் பற்றியதாக இராது என்பது என் அச்சம். இந்த முறையில் விலங்குகளைத் தன் வாழ்வின் குறிகளாக ஆக்கியவர்களில் கியூபாவின் அச்சுக்கலைஞர் பெல்கிஸ் அயோனைப் போல் என்னைப் பாதித்தவர் எவரும் இல்லை. 1967இல் ஹவானாவில் பிறந்து 1999இல், 32 வயதில் மறைந்தவர். பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த நாட்களில் அட்டையையும் உப்புத்தாளையும் காய்கறித் தோலையும்கூட ஒட்டி பிளேட் செய்தார். பல தாள்களை இணைத்து, ஆளுயர அளவுக்கும் அதற்கு மேலும் அச்சுகள் எடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது அபாக்குவா என்னும் ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய ரகசியச் சபையின் தொன்மம். ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாகக் கியூபாவில் வேரூன்றியது. ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போன சிக்கான் என்ற இளவரசியின் குடத்தில் புனித மீன் ஒன்று தற்செயலாக அகப்பட்டுவிடுகிறது. அதன் குரலை முதலில் கேட்டவள் அவள். அந்த ரகசியத்தை வெளியே சொன்னதற்காகக் கொல்லப்படுகிறாள். அயோன் தம் அச்சுகளில் சிக்கானைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். அவளோடு மீனும் ஆடும் பாம்பும் வரும். மனிதர்களுக்குக் கண் உண்டு, வாய் இராது. அந்தக் கதையை அறியாதவர்கூட அப்படத்தின் முன் நின்றால் ஏதோ ஒன்று சொல்லவிடாமல் அடக்கப்பட்டிருக்கிறது என்று உணர்ந்துவிடுவார். அதைச் செய்வது விளக்கக் குறிப்பு அல்ல. மனிதத் தோலின் மேலேயே மீன் செதிலும் பாம்புத் தோலும் ஏறியிருக்கும் அந்தப் பரப்புதான்.

உங்களிடம் அதற்கு இணையான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மடக்கிய அந்தக் காலும் கழுத்தில் சேலையின் நெசவும். 12 பேரில் ஒவ்வொருவரும் அந்தக் காலைப் பார்த்ததும் எந்தச் சுவர், எந்த நேரம் என்று அறிந்துகொள்வார்கள். பின்னணியில் ஏதாவது வேண்டுமென்றால் கொல்லைச் சுவரின் காரைப்பூச்சை மட்டும், பசையில் சலித்த ஆற்றுமணலைத் தூவிக் கொண்டுவாருங்கள்.

நான் செய்தது ஒரு தேவாங்கு. எங்கள் பக்கத்துக் காடுகள் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. தாத்தா இரவில் தோட்டக் காவலுக்குப் போகும்போது முள்மரத்தில் இரண்டு கண்கள் மின்னினால் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி நடப்பாராம். தேவாங்கைக் கண்டால் ஆகாது என்று பிறர் சொன்ன காலத்தில் அவர் அதற்கு வழிவிட்டார். உடலுக்கு உரித்த அட்டையும் கார்போரண்டமும் பயன்படுத்தினேன். கண்ணுக்கு மட்டும் பசையை ஒரு சொட்டு விட்டுக் குமிழாகக் காயவைத்து, அரக்கை நன்றாகப் பூசினேன். துடைக்கும்போது குமிழின் உச்சி வெளுத்து, அடிவட்டத்தில் மை தேங்கி, உயிருள்ள கண்ணாக வந்தது. காகத்துக்கும் அதையே செய்து பாருங்கள்.

நூலும் தாளும் எழுதியது:

ஒரே ஒரு சிறு எச்சரிக்கை. அச்சில் படம் இடவலமாகத் திரும்பி வரும். நீங்கள் பிளேட்டில் காகத்தின் இடது காலை மடக்கியிருந்தால், தாளில் வலது காலை மடக்கிய காகம்தான் வரும். உங்கள் குடும்பத்தார் அனைவரும் அந்தக் காலை அறிந்தவர்கள் என்பதால் சொல்கிறேன்.

தாளைப் பற்றியும்: சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளானால் அரைமணி நேரம் நனைத்து, இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே நீர் மினுமினுப்பு மறையும்வரை ஒற்றி எடுங்கள். புதுச்சேரிப் பக்கம் கிடைக்கும் கைத்தாளில் பசையேற்றாத வகையானால் தொட்டியில் நனைக்காதீர்கள், கரைந்துவிடும். முதல்நாள் இரவு நீரைத் தெளித்து, அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்தால் காலையில் சரியான பதத்தில் இருக்கும். மை துடைக்க டார்லட்டன் என்னும் விறைப்பான வலைத்துணி கிடைக்காவிட்டால், கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மல் துணி போதுமானது. கடைசியில் மேடுகளைச் செய்தித்தாள் துண்டால் லேசாகத் தடவினால் வெளிச்சமான இடங்கள் துலங்கும்.

வைகைக்கரை எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒவ்வொருவர் சொன்னதையும் ஏதோ ஒரு வகையில் செய்து பார்த்துவிட்டேன்.

காலைப் பற்றிய எச்சரிக்கை வந்த அன்று எனக்கு இரவு உறக்கமே வரவில்லை. இடது காலைத்தான் மடக்கியிருந்தேன். பள்ளியில் லினோவைப் பற்றி மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே எழுத்து திரும்பி வரும் என்பதைத்தான். ஆனால் கண்ணெதிரே நின்ற ஒன்றை வரையும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. மறுநாள் பழைய பிளேட்டைச் சோதனைக்கு என்று ஒதுக்கிவிட்டு, உருவத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துத் திருப்பி வரைந்து, புதிய அட்டையில் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை ஒட்டுவதைக் குறைத்து உரிப்பதை அதிகமாக்கினேன். வயிற்றுப் பகுதி முழுவதும் உரித்த அட்டை. முதுகும் இறக்கையும் வாலும் கார்போரண்டம். ஐயா சொன்ன ஐந்து பட்டைச் சோதனைத் துண்டைச் சுவரில் மாட்டிவைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் அதைப் பார்த்தே பொருளை முடிவு செய்தேன்.

சேலையின் தடத்தைத்தான் வாங்கினேன். ஐயா சொன்ன நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்துச் சேலையின் அருகே போனதும் கை வரவில்லை. முதல் முறை பேஸ்ட் அதிகமாக ஈரமாக இருந்து, நூலிடையில் புகுந்து, உரிக்கும்போது பரப்பு பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. வழித்தெடுத்துவிட்டு, இரண்டாம் முறை விரல் நுனியால் தொட்டால் ஒட்டாத பதம்வரை காத்திருந்தேன். உரித்ததும் சாய்வாக விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது ஒவ்வொரு நூலும் தனித்தனியாகத் தெரிந்தது. கரைப்பக்கத்தில் அம்மா கையால் இழையோட்டித் தைத்திருந்த ஒரு சின்ன ஒட்டும் அதோடு சேர்ந்து பதிந்திருந்தது. அந்த இடத்தில் ஒட்டு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அச்சில் அது காகத்தின் கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே, ஏழெட்டுச் சிறிய கறுப்புக் கீறல்களாக வருகிறது. இறகின் கலைவு என்றுதான் பிறர் நினைப்பார்கள்.

விளக்கையும் இலையையும் விட்டுவிட்டேன். சுவர் மட்டும் இருக்கிறது. மணலைச் சீராகத் தூவாமல், காரை பெயர்ந்த இரண்டு இடங்களை வழவழப்பாக விட்டேன். அவை வெயில்பட்ட திட்டுகளாக வந்திருக்கின்றன. நீல மையை மூன்று அச்சுகளில் முயன்று பார்த்தேன். இறக்கையில் அழகாகத்தான் இருந்தது, ஆனால் ரோலரின் அகலம் கழுத்தையும் தொட்டுச் சாம்பலைக் கெடுத்ததால் கைவிட்டேன். சிறிய ரோலர் வாங்கிய பிறகு வேறொரு படத்தில் செய்து பார்க்கிறேன்.

இழைப்புளி அண்ணன் சொன்னபடி பூசிய அரக்கு நன்றாகவே நின்றது. தாள் ஓரிடத்திலும் ஒட்டவில்லை. சோதனை அச்சுகள் ஐந்தும், கொடுப்பதற்கென்று 12 அச்சுகளும் எடுத்தேன். கடைசி இரண்டில் நெசவு சற்றே தட்டையாகத் தொடங்கியது கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே அதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணுக்கு விட்ட பசைக் குமிழ் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

சோதனை அச்சில் ஒன்றைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். வேறெதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அழைத்தவன், "அக்கா, இது சாப்பிடுவதற்கு முன்பா, சாப்பிட்ட பிறகா?" என்று கேட்டான். பசித்திருக்கும்போது அது தலையைச் சமையலறை ஜன்னல் பக்கம் சாய்த்து நிற்கும். தின்று முடித்தால் நேராக நிற்கும். நான் சாய்த்துத்தான் வரைந்திருக்கிறேன். முன்பு என்றேன்.

12 தாள்களும் இப்போது ஒற்றுத்தாள்களுக்கு நடுவே, பலகையின் அடியில் இருக்கின்றன. எண்ணெய் மை என்பதால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர இன்னும் சில நாட்கள் ஆகும் என்று நினைக்கிறேன். காய்ந்த பிறகு பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்திடுவேன். 1/12 மூத்த அண்ணனுக்கு, 12/12 கடைசிச் சித்திக்கு.